பல்கலைக்கழகம் பெரிது, சரி, பி.பி.ஏ. துறை எப்படி?

கேள்வி: திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறாவதிலிருந்து தமிழ் வழியில் படித்தவள். பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் 600க்கு 527 எடுத்திருக்கிறாள். பி.பி.ஏ. படித்து, அப்புறம் எம்.பி.ஏ. முடித்து ஹெச்.ஆர். வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். சென்னைப் பக்கம் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறார்கள். படிப்புக் கட்டணம் வருடத்துக்கு இரண்டரை லட்சம், விடுதிக்கு 1.3 லட்சம். ஒரு வாரத்துக்குள் 50,000 ரூபாய் கட்டி இடத்தை உறுதிசெய்யச் சொல்கிறார்கள். மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியிலும் பி.பி.ஏ. கிடைக்கும் போலிருக்கிறது, அங்கே வருடத்துக்கு 35,000க்குள் முடிந்துவிடும். "நாக் (NAAC) தரச் சான்றில் ஏ பிளஸ் பிளஸ் வாங்கிய இடம், விட்டுடாதீங்க மாமா" என்கிறான் மைத்துனன். மகளுக்கும் வெளியூர் போக ஆசை. அடுத்து பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஒரு படிப்பு நல்ல படிப்பா இல்லையா என்று என்னைப் போன்ற கடைக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

அன்புள்ள அய்யா,

முதலில் அவசர விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த 50,000 ரூபாயை இந்த வாரம் கட்ட வேண்டாம். பி.பி.ஏ. இடங்கள் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடுவது அபூர்வம். போன் செய்கிறவர்கள் சேர்க்கைப் பிரிவு ஊழியர்கள். மாதத்துக்கு இத்தனை இடம் நிரப்ப வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கும் உண்டு. ஒருவேளை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றாலும் பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்று நிறுவனம் முறைப்படி அறிவித்த நாளுக்கு 15 நாள் முன்னதாகவே விலகிக்கொண்டால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். செயலாக்கக் கட்டணம் என்று அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று படிப்படியாகக் குறையும். கடைசித் தேதி முடிந்து ஒரு மாதம் தாண்டினால் எதுவும் வராது. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் போன்ற அசல்களை நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. சரிபார்த்தவுடன் கையில் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் மைத்துனர் சொல்வது பொய்யில்லை. அந்த இடத்துக்குப் பெயர் இருக்கும், தரமும் இருக்கும். ஆனால் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது எந்தத் துறை? பெரிய பல்கலைக்கழகம் என்பது பொறியியல், மருத்துவம், சட்டம், கலை அறிவியல் என்று பல கல்லூரிகள் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நடப்பது. ஒரு துறை வளர்ந்து ஊரறியப் பெயர் வாங்கும். இன்னொரு துறை நேற்றுத் தொடங்கி, கட்டடம் மட்டும் புதிதாக நிற்கும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே தரச் சான்றுதான். உங்கள் மகள் மூன்று வருடம் உட்காரப்போவது பி.பி.ஏ. வகுப்பறையில். அங்கே யார் பாடம் நடத்துகிறார்கள், எத்தனை பேர் உட்காருகிறார்கள், முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் பாருங்கள். படிப்பின் தரம் அங்கேதான் தெரியும்.

கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் சான்றைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு அளவுகோல்களில் மதிப்பிட்டு, 4க்கு 3.51 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஏ பிளஸ் பிளஸ். அது முழு நிறுவனத்துக்கும் தரப்படுவது. ஆராய்ச்சி, நூலகம், நிர்வாகம் எல்லாம் சேர்ந்த ஒரே எண். மோசமான இடத்துக்கு அது கிடைக்காது என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், பி.பி.ஏ. நன்றாக நடக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மத்திய கல்வி அமைச்சகம் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் அப்படித்தான். பல்கலைக்கழகப் பட்டியலில் கற்பித்தலுக்கு 30 சதவீதம் என்றால் ஆராய்ச்சிக்கும் 30 சதவீதம். வேதியியல் ஆய்வகத்தில் வெளிவரும் கட்டுரைகள் பல்கலைக்கழகத்தை மேலே தூக்கும். முதல் வருட பி.பி.ஏ. மாணவிக்கு அதனால் கிடைப்பது குறைவு. அதே அமைப்பு வெளியிடும் மேனேஜ்மென்ட் பட்டியலும் முக்கியமாக ஐ.ஐ.எம். போன்ற எம்.பி.ஏ. நிறுவனங்களைப் பற்றியதுதான். "மேனேஜ்மென்ட்டில் இத்தனையாவது இடம்" என்று யாராவது சொன்னால், அது எம்.பி.ஏ.வுக்கான இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்.ஐ.ஆர்.எஃப். மூலம் பெற்றோருக்கு ஓர் உண்மையான உபகாரம் இருக்கிறது. தரவரிசையை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் விவரத்தைப் பாருங்கள். பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும், தான் சமர்ப்பித்த விவரங்களைத் தன் இணையதளத்திலேயே வைக்க வேண்டும். முகப்புப் பக்கத்தின் அடியில் என்.ஐ.ஆர்.எஃப். என்று சின்னதாக ஓர் இணைப்பு இருக்கும். திறந்தால் ஒரு பி.டி.எஃப். அதில் "பிளேஸ்மென்ட் அண்ட் ஹையர் ஸ்டடீஸ்" என்ற அட்டவணையைத் தேடுங்கள். மூன்று வருடப் பட்டப்படிப்புக்குத் தனி, நான்கு வருடப் பட்டப்படிப்புக்குத் தனி என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பொறியியல் நான்கு வருடக் கணக்கில் போய்விடும். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று வருடம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் மீடியன் சம்பளம் என்ன என்று வரிசையாக இருக்கும். மீடியன் என்றால் சம்பளத்தை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பவரின் சம்பளம். பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு என்று அர்த்தம். அது வருடச் சம்பளமாக இருக்கும், 12ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கில் பி.காம்., பி.சி.ஏ., பி.எஸ்சி. எல்லாம் பி.பி.ஏ.வோடு கலந்துதான் கிடக்கும். இருந்தாலும் விளம்பரப் பலகையில் இருக்கும் "அதிகபட்ச சம்பளம் 40 லட்சம்" என்பதைவிட இது ஆயிரம் மடங்கு நேர்மையான தகவல். அந்த 40 லட்சம் பெரும்பாலும் யாரோ ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் பையனுடையது. மதுரைக் கல்லூரியும் என்.ஐ.ஆர்.எஃப்.பில் பங்கேற்றிருந்தால் அதன் பி.டி.எஃப்.பையும் இறக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மகளையே இதைச் செய்யச் சொல்லுங்கள். நிர்வாகவியல் படிக்கப்போகிறவளுக்கு இது நல்ல தொடக்கம்.

அப்புறம் துறைக்கு நேரே போன் போட்டு, பி.பி.ஏ.வுக்கு மட்டும் தனிக் கணக்கு கேளுங்கள். போன வருடம் இறுதியாண்டில் எத்தனை பேர், வேலைக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், என்ன வேலை? "நூறு சதவீதம்" என்று பதில் வந்தால், எத்தனை பேரில் நூறு சதவீதம் என்று கேட்க வேண்டும். தகுதி பெற்றவர்கள், பதிவு செய்தவர்கள் என்று வடிகட்டி வடிகட்டி, கடைசியில் மிஞ்சிய கொஞ்சம் பேரில் நூறு சதவீதமாக அது இருக்கலாம். என்ன வேலை என்பது அதைவிட முக்கியம். பி.பி.ஏ. முடித்தவர்களை வளாகத்துக்கு வந்து எடுக்கும் வேலைகளில் கணிசமானவை விற்பனை வேலைகள்: கடன், காப்பீடு, ஆன்லைன் வகுப்பு என்று டார்கெட் வைத்துத் துரத்துபவை. விற்பனை கேவலமான வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். கடை நடத்தும் உங்களுக்குத் தெரியாததா. ஆனால் ஹெச்.ஆர். கனவோடு போகிற பெண், வாசலில் என்ன வேலை காத்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நேரில் போய்ப் பார்ப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள். சேர்க்கைக்காக ஏற்பாடு செய்த திறந்த நாளில் போகாமல், வகுப்பு நடக்கும் சாதாரண வேலை நாளில் போங்கள். வரவேற்பறையில் ஏ.சி. போட்டு, வீடியோ காட்டி, காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதெல்லாம் சரி, பி.பி.ஏ. துறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேட்டு அங்கே போங்கள். அறிவிப்புப் பலகையில் கால அட்டவணை ஒட்டியிருக்கும். முதல் வருடத்துக்கு எத்தனை செக்‌ஷன்? ஏ-யில் தொடங்கி எச் வரை போகிறதா? ஒரு செக்‌ஷனில் அறுபது பேரா, எண்பது பேரா? கணக்குப் பதிவியலும் புள்ளியியலும் யார் எடுக்கிறார்கள், அவர்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள்? பெரிய இடங்களில் மாணவர் எண்ணிக்கை வேகமாக ஏறும், ஆசிரியர் எண்ணிக்கை அந்த வேகத்தில் ஏறாது. அந்த இடைவெளியை வருடாவருடம் மாறும் புது ஆட்களை வைத்து நிரப்புவார்கள். ஒரே துறையில் ஐந்தாறு வருடம் நிலைத்திருக்கும் ஆசிரியர்கள் பாதிப் பேராவது இருந்தால், அந்தத் துறையை ஓரளவு நம்பலாம் என்பது என் அனுபவம்.

மதுரையில் நீங்கள் பார்த்திருக்கும் கல்லூரிக்கும் இதே கேள்விகள்தான், தயவு தாட்சண்யம் வேண்டாம். நம் ஊரில் அமெரிக்கன் கல்லூரி 1881இலிருந்து நடக்கிறது. மதுரா காலேஜ், லேடி டோக், தியாகராசர், பாத்திமா என்று எல்லாம் பழைய பெயர்கள். நம் வீடுகளில் யாராவது ஒருவர் அவற்றில் ஒன்றில் படித்திருப்பார். ஆனால் பழைய உதவிபெறும் கல்லூரிகள் பலவற்றில் பி.பி.ஏ. சுயநிதிப் பிரிவில்தான் நடக்கிறது, சில இடங்களில் பிற்பகல் ஷிப்டில். அரசுச் சம்பளம் வாங்கும் மூத்த பேராசிரியர்கள் ஒரு பக்கம் இருப்பார்கள். உங்கள் மகளுக்குப் பாடம் எடுப்பவர் நிர்வாகம் நியமித்த, குறைந்த சம்பளத்தில் இருக்கும் இளம் ஆசிரியராக இருக்கலாம். அவர்களில் அருமையான ஆசிரியர்களும் உண்டு. எத்தனை நாள் தங்குவார்கள் என்பதுதான் கேள்வி. எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட் என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். அதோடு, பி.பி.ஏ. படிப்பு 2024-25 கல்வியாண்டிலிருந்து அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) கீழ் வந்திருக்கிறது. கல்லூரியின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தன்னாட்சி என்றால் என்ன என்று பலருக்குக் குழப்பம். பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் தருவது 1966இல் தொடங்கிய நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். ஆகவே உங்கள் மகள் கையில் கிடைக்கப்போவதும் ஒரு பல்கலைக்கழகப் பட்டம்தான். சென்னைப் பட்டத்துக்குச் சட்டப்படி எந்தக் குறைவும் இல்லை. வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுகளான கேட், டான்செட் எதற்கு விண்ணப்பித்தாலும் இரண்டும் ஒன்றுதான்.

ஒரு துறையை எடைபோட எனக்குத் தெரிந்த சிறந்த வழி, பழைய கேள்வித்தாள். யாரும் கேட்பதில்லை, கேட்டால் தருவார்கள். தன்னாட்சிக் கல்லூரி நூலகங்களில் கட்டிப் போட்டே வைத்திருப்பார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவரின் போனில் இருக்கும். மார்க்கெட்டிங் தாளை எடுத்துப் பாருங்கள். "சந்தைப்படுத்தலின் பணிகளை விளக்குக", "விலை நிர்ணய முறைகளை விவரி" என்று தாள் முழுவதும் இப்படியே இருந்தால், அங்கே மனப்பாடம்தான் நடக்கிறது. கட்டணம் எவ்வளவாக இருந்தாலும் சரி. ஒரு நிலைமையைக் கொடுத்து, நீ என்ன செய்வாய் என்று கேட்கும் தாள் இருந்தால் அந்தத் துறையில் யாரோ யோசிக்கிறார்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழிப் பனியில் வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும்; கோடையில் வரத்து கொட்டும், விலை சில நூறுகளுக்கு விழும், அப்போது சென்ட் தயாரிப்பவர்கள் வந்து வாங்குவார்கள். கமிஷன் கடைக்காரர், விவசாயிக்கு முன்பணம் கொடுத்துப் பூவைத் தன்னிடம் வர வைக்கிறார். விலை நிர்ணயம், கடன், அழுகும் சரக்கு, பேரம் என்று பி.பி.ஏ. மூன்று வருடத்தில் சொல்லித்தரும் பாதிப் பாடம் அந்த ஒரு சந்தையில் விடியற்காலையில் நடக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது. பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்துகொண்டே அது எப்படித் தன் காலில் நிற்கிறது என்று உலகத்தின் பெரிய மேலாண்மைப் பள்ளிகள் பாடமாக வைத்திருக்கின்றன. 1911இல் டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டத் தொடங்கியதும் இந்த ஊரிலிருந்துதான். மதுரையில் இருக்கும் ஒரு பி.பி.ஏ. துறை தன் மாணவர்களை மாட்டுத்தாவணிக்கும், கப்பலூர் தொழிற்பேட்டைக்கும், சுங்குடி வியாபாரிகளிடமும் அனுப்பாமல், "இண்டஸ்ட்ரியல் விசிட்" என்று கொடைக்கானல் சாக்லேட் கடைக்கு அழைத்துப் போகிறது என்றால், கைக்கெட்டும் பாடத்தை வீணாக்குகிறது என்றுதான் சொல்வேன். அதனால் இரண்டு இடத்திலும் கேளுங்கள்: இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம், இடம் நீங்கள் பிடித்துத் தருகிறீர்களா, மாணவர்களே தேட வேண்டுமா? போன வருட புராஜெக்ட் அறிக்கைகளில் இரண்டைப் புரட்டிப் பார்க்கலாமா? இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியதா, உண்மையில் போய் விசாரித்து எழுதியதா என்று உங்களுக்கே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது பெயர்களில் மயங்க வேண்டாம். "பி.பி.ஏ. பிசினஸ் அனலிடிக்ஸ்", "பி.பி.ஏ. டிஜிட்டல் மார்க்கெட்டிங்" என்று இப்போது புதுப்புதுப் பெயர்கள் வருகின்றன. உள்ளே எடுத்துப் பார்த்தால் 40 தாளில் நான்கு தாள்தான் புதியது. அடிப்படை இருக்கிறதா என்று பாருங்கள்: கணக்குப் பதிவியல், அடக்கவிலைக் கணக்கு, நிதி மேலாண்மை, புள்ளியியல், வணிகச் சட்டம், பொருளாதாரம், எக்செல். இவை உறுதியாக இருந்தால் மற்றதை அவள் எங்கே போனாலும் கற்றுக்கொள்வாள். இன்னொன்று, தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் புதிய கல்விக் கொள்கைப்படி மூன்று வருடத்தில் பட்டம், நான்காவது வருடம் ஹானர்ஸ் என்று அமைப்பு இருக்கிறது. யு.ஜி.சி. விதிப்படி மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருடத்துக்கு 160. எம்.பி.ஏ.வுக்கு மூன்று வருடப் பட்டம் போதும். நான்காவது வருடக் கட்டணத்தைச் சேர்த்துப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள்.

இப்போது பணம். உங்கள் கணக்குப்படி மூன்று வருடத்துக்குப் படிப்புக் கட்டணம் 7.5 லட்சம், விடுதி 3.9 லட்சம், மொத்தம் 11.4 லட்சம், போக்குவரத்தும் கைச்செலவும் தனி. விடுதிச் செலவை நீங்கள் பார்த்துக்கொண்டு, 7.5 லட்சத்தை மட்டும் கல்விக் கடனாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கிகளின் பொதுவான திட்டத்தில் அந்தத் தொகை வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. வட்டி 10.5 சதவீதம் என்று வைத்தால், வருடத்துக்கு 2.5 லட்சமாக எடுத்து, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை எதுவும் கட்டாமல் விட்டால், தனி வட்டி மட்டும் ஏறக்குறைய 2.36 லட்சம் சேர்ந்துவிடும். கடன் 9.86 லட்சமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 13,300 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் மாதத் தவணை 10,100 ரூபாய்க்கு இறங்கும். பி.பி.ஏ. முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்கள் பலர் மாதம் 20,000க்குக் கீழே தொடங்குவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். சென்னையில் விடுதி வாடகை, சாப்பாடு போக அதில் தவணை எங்கே கட்டுவாள்? எம்.பி.ஏ.வுக்கு அடுத்த கடன் எப்படி வாங்குவாள்?

அந்த எம்.பி.ஏ.தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹெச்.ஆர். வேலைக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் முதுகலைப் படிப்பைத்தான் எதிர்பார்க்கின்றன: எம்.பி.ஏ., அல்லது தொழிற்சாலைகளில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை. கல்லூரியின் பெயர் எடுபடுவதும் அந்தக் கட்டத்தில்தான். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வுக்கு எந்தப் பட்டமாக இருந்தாலும் சரி. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டும் அப்படித்தான். திருச்சியில் 2011இலிருந்து ஐ.ஐ.எம். இருக்கிறது, மதுரையிலேயே தியாகராஜர் ஸ்கூல் ஆஃப் மேனேஜ்மென்ட்டும், எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மதுரை இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸும் இருக்கின்றன. கையில் இருக்கும் பணத்தை முதல் பட்டத்திலேயே கரைத்துவிட்டால், பெயர் உண்மையில் உதவும் இடத்துக்குப் போகும்போது கை காலியாக இருக்கும். பையனுக்கும் மூன்று நான்கு வருடத்தில் கல்லூரி வந்துவிடும்.

மதுரையில் சேர்ந்தால் செலவு 35,000 என்பதும் இன்னும் குறையலாம். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் 2024-25லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அப்படிப் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் படித்திருக்கிறாள். விண்ணப்பிப்பது கல்லூரி மூலமாக. திருமங்கலத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் போனால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

தமிழ் வழி என்றதும் ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. பி.பி.ஏ. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். 527 எடுத்த பெண்ணுக்குக் கணக்கு வரும், வணிகமும் வரும். முதல் செமஸ்டரில் வகுப்பில் எழுந்து பேசும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெரிய பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர் சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்திருப்பார்கள். சில பெண்கள் அந்தச் சூழலில் ஆறே மாதத்தில் பிரமாதமாகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சிலர் கடைசி பெஞ்சுக்குப் போய் மூன்று வருடமும் வாய் திறப்பதில்லை. உங்கள் மகள் எந்த ரகம் என்று உங்களுக்கும் அவள் அம்மாவுக்கும்தான் தெரியும். எங்கே சேர்ந்தாலும், தமிழ் வழி மாணவர்களுக்கு முதல் வருடத்தில் தனியாக ஆங்கில வகுப்பு உண்டா, யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு கல்லூரி மாணவர்கள் மீது எவ்வளவு அக்கறை வைத்திருக்கிறது என்று இந்தப் பதிலில் நிறையத் தெரியும்.

அவளுக்கு வெளியூர் போக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்கு உண்மையான பலன்கள் உண்டு. வேறு துறைப் பாடங்களை விருப்பமாக எடுக்கலாம், பல மொழி பேசும் நண்பர்கள் கிடைப்பார்கள், சென்னையில் இன்டர்ன்ஷிப் வாய்ப்பு அதிகம், தனியாக இருந்து சமாளிக்கப் பழகுவாள். "பொம்பளப் பிள்ளை, பக்கத்திலேயே படி" என்ற காரணத்தை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். அது நியாயமும் இல்லை, அவள் ஏற்கவும் மாட்டாள். கட்டணக் கணக்கை அவள் முன்னால் விரித்து வையுங்கள். எம்.பி.ஏ.வுக்கு எந்த ஊர் கிடைத்தாலும் அனுப்புகிறேன், அதற்குத்தான் இந்தப் பணத்தை வைத்திருக்கிறேன் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்தக் கட்டணத்தில், இந்த வீட்டு நிலைமையில், மதுரைக் கல்லூரி பக்கம்தான் சாய்வேன். அந்த பி.பி.ஏ. துறையில் நிலையான ஆசிரியர்களும், உண்மையான இன்டர்ன்ஷிப்பும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே அது இல்லையென்றால் மதுரையிலேயே வேறு கல்லூரி பாருங்கள், அல்லது நல்ல பி.காம். துறை கிடைத்தால் யோசியுங்கள். ஹெச்.ஆர். ஆசை மாறி சி.ஏ. பக்கம் மனம் போனால், வணிகப் பட்டதாரிகள் 55 சதவீதம் எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். பெரிய பல்கலைக்கழகம் மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்டணத்தில் பாதியாவது குறைத்து, அதை மூன்று வருடத்துக்கும் எழுத்தில் தந்தால் என் பதில் மாறும். முதல் வருடம் மட்டும் சலுகை, அடுத்த வருடம் இத்தனை சி.ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண் புள்ளி) எடுத்தால் தொடரும் என்றால், போன வருடம் சலுகை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் வருடமும் தொடர்ந்தது என்று கேளுங்கள்.

மதுரையில் சேர்ந்தால் ஒன்று செய்யச் சொல்வேன். முதல் வருட விடுமுறையில் உங்கள் கடையையே அவள் புராஜெக்ட் ஆக்கட்டும். எந்தச் சரக்கு ஆறு மாதமாக அசையாமல் கிடக்கிறது, எந்தக் கொத்தனாருக்குக் கொடுத்த கடன் எத்தனை நாளில் திரும்புகிறது, பெயின்டில் லாபம் அதிகமா பி.வி.சி. பைப்பில் அதிகமா, ஜி.எஸ்.டி. தாக்கல் எப்படி நடக்கிறது என்று எக்செல்லில் போட்டுத் தரட்டும். எம்.பி.ஏ. நேர்முகத் தேர்வில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேச அவளிடம் விஷயம் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. இரண்டு நிறுவனங்களின் என்.ஐ.ஆர்.எஃப். அட்டவணையை இறக்கிப் பாருங்கள். சென்னைப் பக்கத்து அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண்ணின் எண்ணை வாங்கி, நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் உங்கள் மகளைப் பேசவிடுங்கள். எண்ணைப் பல்கலைக்கழகத்திடம் வாங்க வேண்டாம், அவர்கள் தேர்ந்தெடுத்த ஆளைத்தான் கொடுப்பார்கள். திருமங்கலம், மதுரைப் பள்ளிகளிலிருந்து அங்கே போன பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். அவள் படித்த பள்ளியின் வணிகவியல் ஆசிரியரிடம் கேட்டால் தெரியும். மீதிச் சந்தேகங்களை அடுத்த கடிதத்தில் அவளையே எழுதச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.